'தி மிஸ்ஸிங்', முதல் பகுதி: கூட்டத்துக்குள் ஒரு அப்பாவின் குரல்

பொங்கல் லீவுக்கு வந்திருந்த என் மகள் ஒரு ராத்திரி லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். "இதைப் பாருங்கப்பா. திருவிழாக் கூட்டத்துல பிள்ளையத் தொலைச்சவங்க உங்க பந்தலுக்கு ஓடி வருவாங்கன்னு சொல்வீங்கல்ல, அதேதான்" என்றாள். பிபிசி தொடர், பெயர் 'தி மிஸ்ஸிங்'. 2014 அக்டோபரில் வந்தது, மொத்தம் எட்டுப் பகுதிகள். எட்டையும் பார்த்து முடித்துவிட்டேன். ஆனால் முதல் பகுதியை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். அதனால் அந்த ஒரு பகுதியைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதைப் பார்த்தேன் என்பது புரியும். மதுரையில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் போலீஸ் உதவி மையப் பந்தல் போடுவார்கள். ஆம்ப்ளிஃபையரும் குழாயும் கொடுக்கப் போனவன், அறிவிப்புச் சொல்ல ஆள் இல்லாத ஒரு வருஷம் மைக்கைப் பிடித்தேன். அப்புறம் பதினான்கு வருஷம் அது என் கையிலேயே இருந்தது. காணாமல் போன பிள்ளைகளின் அடையாளத்தை ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன். விடியும்போது தொண்டையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

கதை இதுதான். டோனி, எமிலி என்ற இங்கிலாந்துத் தம்பதி, ஐந்து வயது மகன் ஆலிவருடன் 2006 கோடையில் பிரான்ஸில் காரில் போகிறார்கள். வழியில் கார் மக்கர் செய்கிறது. ஷாலோன் து புவா என்ற சின்ன ஊரில் ஹோட்டலில் தங்குகிறார்கள். நிஜத்தில் அப்படி ஒரு ஊர் இல்லை, கதைக்காக வைத்த பெயர். படப்பிடிப்பைப் பெரும்பாலும் பெல்ஜியத்தில் நடத்தியிருக்கிறார்கள். சாயங்காலம் அப்பாவும் மகனும் நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள், அம்மா ஹோட்டலில் இருக்கிறாள். குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பார். அங்கே டிவியில் உலகக் கோப்பைக் கால்பந்து, பிரான்ஸும் பிரேசிலும் மோதும் காலிறுதி. ஊரே அங்கே நிற்கிறது.

அந்த மேட்சை நானும் பார்த்தேன். 2006 ஜூலை 1 ராத்திரி, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு ஆரம்பித்தது. கடையில் நாலு பேர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். 57ஆவது நிமிடத்தில் ஜிடேன் ஃப்ரீ கிக் அடிக்க, யாரும் கவனிக்காமல் பின்பக்கம் வந்து ஹென்றி அதை வலைக்குள் தள்ளினார். பிரான்ஸ் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஃபிராங்க்பர்ட்டில் நடந்த மேட்சுக்கு மதுரையில் நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். பிரான்ஸில் ஒரு சின்ன ஊர்ப் பாரில் எப்படிக் கத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் டோனி மகனின் கையை விடுகிறார்.

இந்தக் காட்சிக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். தொலைந்த பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ போலீஸ் கதைகள் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிக் கதைகளில் ஒரு கறுப்பு கார் வரும், பின்னணியில் பயமுறுத்தும் இசை வரும், ஏதோ நடக்கப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் தொலைவது சந்தோஷமான நேரத்தில்தான். அழகர் குதிரை ஆற்றுக்குள் கால் வைக்கும் அந்த ஒரு நிமிஷம், எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவார்கள். தூக்கின கை எது என்று நினைத்துப் பாருங்கள், அதுவரை பிள்ளையைப் பிடித்திருந்த கைதான். அடுத்த கால் மணி நேரத்தில் எங்கள் பந்தலுக்கு வரிசையாக ஆட்கள் வருவார்கள்.

டோனியாக நடிப்பவர் ஜேம்ஸ் நெஸ்பிட். மகனை முதலில் அவர் சாதாரணமாகத்தான் கூப்பிடுகிறார். பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடும் குரல். அப்புறம் கொஞ்சம் சத்தமாக, லேசான கோபத்தோடு. அதற்கு அப்புறம் வரும் குரல்தான் எனக்குத் தெரிந்த குரல். பெயரின் கடைசி எழுத்து நீண்டு, மேலே ஏறி, உடையும். பதினான்கு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல் அது. ஒரு நடிகர் அதை எங்கிருந்து எடுத்தாரோ, மூன்றாவது தடவை பார்க்கும்போதும் எனக்குக் கை நடுங்கியது. அந்த வேஷத்துக்கு அவர் பெயர் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பட்டியலுக்குப் போனது. போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு வருஷம் மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பையனுக்கு என்ன சட்டை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வலது உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "இந்தக் கையிலதாண்ணே பிடிச்சிருந்தேன்" என்றார். மறுபடியும் சட்டை என்று கேட்டேன். மறுபடியும் கையைக் காட்டினார். பையன் நாற்பது நிமிஷத்தில் கிடைத்துவிட்டான், தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தானாம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட அந்த மனிதர் வலது கையை மூடவில்லை. டோனி அந்தக் குளத்தைச் சுற்றி ஓடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. வித்தியாசம் அந்த நாற்பது நிமிஷத்தில் இருக்கிறது. டோனிக்கு அது எட்டு வருஷம் ஆகியும் முடியவில்லை.

பெற்றவர்களுக்கு அடையாளம் மறந்துபோகும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் தானே மாட்டிவிட்ட சட்டையின் நிறம் வராது. அதனால் நாங்கள் சட்டையை விட்டுவிட்டு வேறு கேட்போம். கழுத்தில் கயிறு உண்டா, காலில் என்ன செருப்பு, கையில் பலூன், விசிறி ஏதாவது இருந்ததா என்று. கிடைத்த பிள்ளையைப் பற்றி அறிவிக்கும்போது இன்னொரு விஷயம் உண்டு. எல்லா அடையாளத்தையும் மைக்கில் சொல்லிவிடக் கூடாது. ஒன்றிரண்டை மறைத்து வைத்துக்கொண்டு, "என் பிள்ளை" என்று வருகிறவரிடம் கேட்போம். சரியாகச் சொன்னால்தான் பிள்ளை கைமாறும்.

அதனால்தான் இந்தப் பகுதியில் வரும் மஞ்சள் ஸ்கார்ஃப் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. ஆலிவரின் ஸ்கார்ஃப் எமிலி தன் கையாலேயே செய்தது. கடையில் அதைப் போல இன்னொன்று கிடைக்காது. எட்டு வருஷம் கழித்து, 2014இல், வேறொரு பையன் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு ஃபோட்டோ டோனியின் கண்ணில் படுகிறது. அதை எடுத்துக்கொண்டு அவர் மறுபடியும் அந்த ஊருக்கு வருகிறார். போலீஸுக்கு அது ஒரு துணி. அவருக்கு அது யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அடையாளம் மாதிரி. கதையை எழுதிய ஹாரி வில்லியம்ஸ், ஜாக் வில்லியம்ஸ் சகோதரர்கள் இதை ரொம்பச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மகன் முகம் எட்டு வருஷத்தில் மாறியிருக்கும், அம்மா போட்ட தையல் மாறாது.

மொழிச் சிக்கலையும் நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சில்தான் பேசுகிறார்கள், அவசரத்தில் டோனிக்கு இங்கிலீஷ் தவிர எதுவும் வரவில்லை. எங்கள் பந்தலுக்கு ஒரு தடவை ஒரு வடநாட்டு அம்மா வந்தார். அவர் சொன்னதில் எனக்கு "பேட்டி" (இந்தியில் மகள்) என்ற ஒரு சொல்தான் புரிந்தது. கொத்துவேலைக்கு வந்திருந்த ஒரு பையனைத் தேடிப் பிடித்து மொழிபெயர்க்க வைப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. பிள்ளை காணாமல் போன முதல் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு பெரிசு என்று டோனியின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் போலீஸ். விசாரணைக்கு வருகிற ஜூலியன் பாப்டிஸ்டாக ச்செகி கார்யோ நடித்திருக்கிறார். இந்தப் பாத்திரத்தை மட்டும் வைத்து 2019இல் தனித் தொடரே எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பது இந்த முதல் பகுதியிலேயே புரிந்துவிடும். அவர் கத்துவதில்லை, மேஜையைத் தட்டுவதில்லை. கிடைத்துவிடுவான் என்று வாக்குக் கொடுப்பதும் இல்லை. எங்கள் பந்தலில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். ஓடி வருகிறவர்களை முதலில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார், குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்க மாட்டார். பாப்டிஸ்டிடம் அதே நிதானம். 2006இல் நன்றாக நடக்கிற அவர் 2014இல் காலை இழுத்து நடக்கிறார், வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். நடுவில் என்ன நடந்தது என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. கேட்க வைத்துவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை கடத்தப்பட்டால் நாடு முழுக்க டிவி, ரேடியோவில் உடனே அறிவிக்கும் ஏற்பாடு பிரான்ஸில் உண்டு. 2006 பிப்ரவரியில்தான் அதைக் கொண்டுவந்தார்கள், அதாவது இந்தக் கதை நடக்கும் ஜூலைக்குச் சில மாதம் முன்பு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. கடத்தல்தான் என்பது உறுதியாக வேண்டும், பிள்ளையின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், தேட உதவுகிற மாதிரி ஏதாவது தகவல் கையில் இருக்க வேண்டும். ஆலிவர் விஷயத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் டிவியில் இருந்தது. நம் நாட்டில் 2013இல் உச்ச நீதிமன்றம், குழந்தை காணவில்லை என்று புகார் வந்தாலே வழக்குப் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் "ஒரு நாள் பார்த்துட்டு வாங்க" என்று சொல்வார்களோ என்று பயந்து ஸ்டேஷனுக்குப் போகாமல் தெருத்தெருவாக அலைகிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அப்படி அலைய வேண்டாம், உடனே போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை எமிலி. ஃபிரான்சஸ் ஓ'கானர் எவ்வளவு நல்ல நடிகை என்று பின்னால் வரும் பகுதிகளில் தெரிகிறது. கோல்டன் குளோப் பட்டியலில் அவர் பெயர் வந்ததும் நியாயம்தான். ஆனால் இந்த முதல் பகுதி அப்பாவின் பகுதியாகவே போய்விட்டது. அவளுக்கு விஷயம் தெரியும் இடத்தில் கேமரா இன்னும் ஒரு நிமிஷம் அவளோடு இருந்திருக்கலாம். பந்தலில் நான் பார்த்த அம்மாக்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள், பிள்ளை கண்ணில் பட்டதும் முதலில் ஓர் அடி அடிப்பார்கள், அப்புறம்தான் அழுகை. அந்த அசையாமல் நிற்பதை ஓ'கானர் பிரமாதமாகச் செய்திருப்பார், இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, 2006க்கும் 2014க்கும் மாறி மாறிப் போவது. வெயில் காலத்து மஞ்சள் ஒரு பக்கம், சாம்பல் நிறக் குளிர் இன்னொரு பக்கம் என்று நிறத்தை வைத்தே பிரித்துக் காட்டுகிறார் இயக்குநர் டாம் ஷாங்க்லாண்ட். பழகிவிட்டால் சிரமம் இல்லை. ஆனால் 2014இல் எமிலி வேறொருவரோடு வாழ்கிறாள், அவர் அந்த நாளில் இங்கிலாந்திலிருந்து விசாரணைக்கு உதவ வந்த போலீஸ் அதிகாரி என்பதெல்லாம் வேகவேகமாக வருகிறது. என் மனைவி பாதியில் எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விட்டு வந்து, "இவ யாரோட பொண்டாட்டி இப்ப?" என்று கேட்டாள். அவள் கேட்டது தப்பில்லை. அதோடு, ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும் சந்தேகப்படும்படி ஒரு பார்வை பார்க்கிறார்கள். இரண்டு பேர் போதும். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்கு அந்தக் கூட்டமே பயம்தான்.

கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு இரண்டாம் பகுதியைப் போடாமல் லேப்டாப்பை மூடி வைத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிரெஞ்சு வசனம் நிறைய வரும், அதனால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பார் காட்சி வரும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். இரைச்சல் தாங்காமல் நாம் குறைத்துவிடுவோம், நானும் முதல் தடவை குறைத்தேன். அந்த இரைச்சலோடு கேட்டால்தான் டோனி கூப்பிடுவது பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட ஏன் கேட்கவில்லை என்று தெரியும். மூன்றாவது தடவை கடையில் ஒரு ஸ்பீக்கரில் மாட்டி முழுச் சத்தத்தில் கேட்டேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பிள்ள ஏதும் காணாமப் போச்சா?" என்று கேட்டார்.