திறப்பை உள்ளே விட்டால் திறக்காத பூட்டு

எங்கள் முன்கதவில் இருக்கும் சிலிண்டர் பூட்டின் விலை இறங்கிவிட்டதாம். யாழ்ப்பாணத்து ஸ்ரான்லி வீதிக் கடைப் பக்கம் போய்வந்த உறவினர்கள், வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கோவிட் முடக்கம் தளர்ந்த காலத்தில் பொருத்திய பூட்டு அது. போன மாதம் அதை உடைத்துத் திருத்தவும் வேண்டி வந்தது.

பூட்டாகப் பார்த்தால் நல்ல பூட்டு. திறப்பை இரண்டாம் முறை சுற்றும்போது நாக்கு இன்னும் வெளியே வந்து முதிரை மரக் கதவுநிலைக்குள் ஆழமாக இறங்கும் சத்தமே மனதுக்குத் தெம்பு தரும். கதவைச் சாத்தியதும் தானாக விழும் சரிவான நாக்கை ஒரு தகட்டைச் செருகியே தள்ளிவிடலாம். பூட்டிய சதுர நாக்கிடம் அது நடக்காது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஊரே கோயிலடியில் இருக்கும். கள்ளருக்கும் அது தெரியும். அந்த நாட்களில்கூட நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறோம். கொழும்புத்துறையின் உப்புக் காற்று படலையில் தொங்கும் ஆமைப்பூட்டைத் துருவாக்கித் தின்றுவிடுகிறது. திறப்பு நுழையும் இந்தப் பித்தளைச் சிலிண்டரை ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். சோளகக் காற்றின் புழுதி அதில் ஒட்டி உள்ளே இறுகிவிடும். இறுக்கம் தெரிந்தால் பென்சில் கரித்தூள் போதும்.

எரிச்சல் ஒன்றுதான். உள்பக்கம் ஒரு திறப்பு செருகியிருந்தால் வெளியிலிருந்து இன்னொரு திறப்பால் திறக்க முடியாது. சிலிண்டரின் நடுவிலுள்ள சிறு துண்டு, திறப்பு நிற்கும் பக்கத்தோடு பிணைந்துகொள்கிறது. மறுபக்கத்துத் திறப்புக்கு அது அசைந்து கொடுப்பதில்லை.

அம்மா திறப்பைக் கதவில் விட்டுவிட்டுத்தான் படுப்பார். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஷெல் விழுந்த இரவுகளில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடியவர் அவர். அவசரத்தில் வெளியேற வேண்டிய கதவுக்கு இருட்டில் திறப்பைத் தேடுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தீப்பிடித்தாலும் அதே கதைதானே. அவர் செய்வதுதான் சரி. பூட்டுத்தான் அவருக்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

போன மாதம் காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு அயர்ந்து தூங்கிவிட்டார். இரவு வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினேன், தொலைபேசியில் அழைத்தேன், யன்னலருகே நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை. அயலவர் அழைத்துவந்த பூட்டுத் திருத்துபவர் துளைபொறியை வைத்ததும் சில நிமிடங்களில் சிலிண்டர் உடைந்தது. அம்மா நலமாகவே இருந்தார். ஆனால் திருத்துபவருக்கு இவ்வளவு எளிதாக உடைவது கள்ளனுக்கும் உடையும். பித்தளை மென்மையான உலோகம். துளையைத் தடுக்கும் கடினமான உருக்கு ஊசிகள் உள்ளே இருக்கின்றனவா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பூட்டு முழுவதையும் மாற்றத் தேவையில்லை என்பது ஆறுதல். கதவின் விளிம்பிலுள்ள நீளத் திருகாணியைக் கழற்றினால் சிலிண்டர் மட்டும் வெளியே வரும். அந்தத் திருகாணித் துளையிலிருந்து உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் தனித்தனியாக அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். நீளம் கூடி வெளியே துருத்தி நின்றால் கள்ளர் குறட்டால் பிடித்து முறித்துவிடுவார்கள். உள்ளே திறப்பு நின்றாலும் வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகையும் இருக்கிறது. இப்போது எங்கள் கதவில் இருப்பது அதுதான். உள்பக்கம் திருகுபிடி வைத்த வகையும் உண்டு. எங்கள் கதவுக்குப் பக்கத்திலேயே யன்னல் இருக்கிறது, கம்பிக்குள்ளால் கைவிட்டால் பிடி எட்டும். அதனால் அதை வேண்டாம் என்றேன்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகும், விலை இறங்கியிருந்தாலும், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் வயதானவர் தனியே இருப்பார் என்று சொல்லித்தான் அன்று பூட்டுக் கேட்டோம். இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது என்றோ வேறு வகை இருக்கிறது என்றோ விற்றவர் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்கதவுக்கும் இதையே போடலாம் என்று தம்பி சொல்கிறான். அங்கே மேலும் கீழும் தடித்த ஓடாமணி இருக்கிறது, அம்மா ஒற்றைக் கையால் இழுத்துத் திறக்கிறார். அதில் யாரும் கைவைக்க விடமாட்டேன்.