கார்ட்ரைட் தறியா, ராபர்ட்ஸ் தறியா?

விசைத்தறி என்றதும் இங்கிலாந்தின் எட்மண்ட் கார்ட்ரைட் பெயரைத்தான் சொல்வோம். 1785இல் காப்புரிமை வாங்கிய இந்தப் பாதிரியார், அதற்கு முன் யாரும் நெய்வதைப் பார்த்தவரே இல்லை. தறியிலும் அது தெரிந்தது: இரண்டு பலசாலிகள் இயக்கியும் மெதுவாகவே ஓடியது. பிறகு அவரே திருத்தங்கள் செய்தார். ஆனாலும் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்கு, கஞ்சி போட அடிக்கடி தறியை நிறுத்த வேண்டியிருந்தது. தறிக்கு ஓர் ஆள் நின்றால் லாபம் எங்கே? அவர் தறிகளை வாங்கிய மான்செஸ்டர் ஆலையும் தீக்கிரையானது.

பொறியாளர் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் 1822ஆம் ஆண்டுத் தறி வேறு ரகம். மரச்சட்டம் போய் வார்ப்பிரும்பு வந்தது. அதிர்வு தாங்கியது, பாகங்கள் ஒரே அளவில் அமைந்தன. அதற்குள் வில்லியம் ராட்கிளிஃப் என்பவரின் கஞ்சி போடும் இயந்திரமும் வந்துவிட்டதால், பாவு தயாராகவே தறிக்கு வந்தது. ஒரே ஆள் இரண்டு தறி பார்க்கலாம்.

யோசனை கார்ட்ரைட்டுடையது; ஆனால் உலகை மாற்றிய தறி ராபர்ட்ஸுடையது என்பேன். கைத்தறி நெசவாளர்களுக்கும் அது புரிந்தது. 1826இல், பசியும் வேலையின்மையும் வாட்டிய இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை அவர்கள் உடைத்தார்கள்.