திக்கற்ற பிள்ளை போட்டோ வாட்ஸ்அப்ல வந்தா, காசு போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கொஞ்சம் நீளமாத்தான் போகும். ரெண்டு வருஷமா எழுதலாமா வேண்டாமான்னு இழுத்துட்டே வந்தேன், "ஊழியத்துக்கு விரோதமா எழுதறான்"னு சபையில பேச்சு வரும்னு ஒரு தயக்கம். போன வாரம் ஒரு போட்டோ வந்துச்சு, அதுக்கப்புறமும் வாயை மூடிட்டு இருந்தா நானும் அவங்களுக்கு கூட்டுன்னு ஆயிரும். யார் பேரும், எந்த அமைப்பு பேரும் போடல, கேட்டு கமெண்ட் போடாதீங்க.

நான் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில சர்வீஸ் இன்ஜினியர். 2019 ஜூன்ல எங்க ஏரியால மூணு நாள் கிறிஸ்தவ கன்வென்ஷன் கூட்டம் நடந்துச்சு. கடைசி நாள் ராத்திரி ஒரு பிரதர் மேடைக்கு வந்தார், நம்மூர்க்காரர்தான், உகாண்டாவுல ஒரு பாஸ்டரோட சேர்ந்து அனாதை வாலிபப் பிள்ளைகளுக்கு ஹோம் நடத்தறோம்னு சொன்னார். பின்னாடி கீபோர்டு மெதுவா போயிட்டே இருக்கு, ஸ்க்ரீன்ல ஒவ்வொரு முகமா வருது. "உலகத்துல 14 கோடி அனாதைப் பிள்ளைகள் இருக்காங்க, உங்களுக்கு அதுல ஒண்ணு பாரமா இல்லையா"ன்னு கேட்டார். என் சம்சாரம் பக்கத்துல மூக்கை உறிஞ்சற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவ ஊரு டோனாவூர் பக்கம். 1901ல மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா அங்க பிள்ளைகளை எடுத்து வளர்க்க ஆரம்பிச்ச கதையைக் கேட்டே வளர்ந்தவ, அவளுக்கு ஹோம்னா சந்தேகமே வராது.

வெளிய ஒரு மேஜை, மேஜை பூரா பிள்ளைங்க போட்டோ போட்ட கார்டு. கல்யாணத் தரகர் ஜாதகம் பரப்பின மாதிரி இருந்துச்சுன்னு இப்ப தோணுது, அன்னிக்கு அப்படித் தோணல. நாங்க எடுத்த கார்டுல ஊதா ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன், இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. வயசு 13, அப்பா அம்மா ரெண்டு பேரும் எய்ட்ஸ்ல இறந்துட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. மாசம் 2,000 ரூபா, அந்த பிரதர் நம்பருக்கே ஜிபே. ரசீது கேட்டதுக்கு "மொத்தமா சேர்த்து அங்க அனுப்பறோம் பிரதர், வெளிநாட்டு ஊழியத்துக்கு 80ஜி வரிச்சலுகை வராது"ன்னார். 80ஜி வராதுங்கறது உண்மைதான். அதுக்காக ஒரு துண்டு சீட்டு கூடவா தரக்கூடாதுன்னு நான் கேட்கல பாருங்க, அங்க இருக்கு என் முட்டாள்தனம்.

2019 ஜூலைல ஆரம்பிச்சு 2023 ஜனவரி வரைக்கும் 43 மாசம், 86,000 ரூபா. நடுவுல 2020 டிசம்பர்ல "ஹோமுக்கு தண்ணி இல்ல, போர் போடணும்"னு ஒரு ஜெபக் குறிப்பு வந்துச்சு. நான் பம்ப் ஆளு, தண்ணின்னா எனக்கு கை தானா பாக்கெட்டுக்குப் போகும், 40,000 குடுத்தேன். ஆக மொத்தம் 1,26,000. மூணு மாசத்துக்கு ஒருக்கா பையன்கிட்ட இருந்து லெட்டர் வரும், "டியர் அங்கிள் ஆன்ட்டி"ன்னு ஆரம்பிச்சு பெரிய ஆளானா பாஸ்டர் ஆவேன்னு முடியும், ஸ்கூல் ரிப்போர்ட் கார்டும் வரும். எல்லாத்தையும் என் சம்சாரம் பைபிளுக்குள்ள வெச்சிருந்தா.

2023 பிப்ரவரில எங்க கம்பெனி உகாண்டா தலைநகர் கம்பாலாவுல இருக்கற டீலர்கிட்ட டிரெய்னிங் குடுக்க மூணு வாரம் என்னை அனுப்பிச்சு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல எல்லோ ஃபீவர் ஊசிக்கு வரிசைல நிக்கறப்பவே வீட்டுல இருந்து போன் மேல போன், பையனுக்கு என்னென்ன வாங்கிட்டுப் போகணும்னு. கணக்குப்படி அவனுக்கு 17 ஆகுது, அதனால 36 சைஸ்ல ஒரு கட்டம் போட்ட சட்டை, ஒரு வாட்ச்.

முதல் தடவை ஞாயித்துக்கிழமை சொல்லிட்டுப் போனேன். ஜிஞ்சா ரோட்டுல முகோனோ தாண்டி உள்ள போகணும், செம்மண் ரோடு, ரெண்டு பக்கமும் வாழை. நாப்பது பிள்ளைகள் வரிசையா நின்னு பாட்டுப் பாடி ஆடினாங்க, சின்னதுங்க ஓடி வந்து காலைக் கட்டிக்கிச்சு, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. எங்க பையன் மட்டும் இல்ல. "ஸ்கூல் கேம்ப்"னு பாஸ்டர் சொன்னார். சரி போர் பாக்கலாம்னு பின்பக்கம் போனேன்.

அங்கதான் மாட்டினாங்க. நிக்கறது யூ2 கை பம்ப். அந்த ஊர்ல யூ2ன்னு சொல்றது நம்ம இந்தியா மார்க் 2தான், நம்ம தெருமுனை அடிபம்ப் அங்க போய் அந்தப் பேர் வெச்சுக்கிச்சு. நீல பெயிண்ட் புதுசு. ஆனா கைப்பிடி ஆடுது, பேரிங் தேஞ்சு போயிருக்கு. மேல் மூடியை கழட்டிப் பார்த்தா செயின்ல கிரீஸ் காஞ்சு கட்டியா கிடக்கு, அடிச்சா முதல்ல வர்ற தண்ணி துருக் கலர்ல வருது, ஜிஐ பைப் பல வருஷம் உள்ள கிடந்தாத்தான் அப்படி வரும். ரெண்டு வருஷத்து பம்ப் இப்படி இருக்காதுங்க. காலால செம்மண்ணைத் தள்ளினேன், சிமெண்ட் மேடை ஓரத்துல வேற ஒரு நாட்டு சபை பேர், கீழ 2011. எங்களுக்கு அனுப்பின போட்டோவுல அந்த இடத்துலதான் எங்க குரூப் பேர் போட்ட பிளக்ஸைக் கட்டி மறைச்சிருந்தாங்க. பாஸ்டர் பக்கத்துலயே நிக்கறார், நான் ஒண்ணும் கேட்கல, கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி டீலர் ஒர்க்ஷாப் டெக்னீசியன்கிட்ட போன்ல இருக்கற ரிப்போர்ட் கார்டைக் காமிச்சேன். அவர் ரெண்டு செகண்ட்தான் பார்த்தார், சிரிச்சுட்டார். 2021 நவம்பர் தேதி, செகண்டரி ரெண்டாவது வகுப்பு, கணக்குல 78 மார்க். "சேபோ, அப்ப இந்த நாட்டுல ஸ்கூலே இல்லையே"ன்னார். சேபோன்னா அங்க சார் மாதிரி. கொரோனாவுக்கு 2020 மார்ச்ல மூடினவங்க நடுவுல சில வகுப்புகளை மட்டும் கொஞ்ச நாள் திறந்து மறுபடி 2021 ஜூன்ல மூடி, 2022 ஜனவரி 10தான் முழுசா திறந்தாங்க. என் சம்சாரம் அந்த 78க்கு ஸ்தோத்திரம் சொல்லி கேசரி கிண்டினா.

ரெண்டாவது தடவை புதன்கிழமை, சொல்லாம போனோம், அந்த டெக்னீசியனும் கூட. நாப்பது பிள்ளைக இருந்த இடத்துல பதினொண்ணுதான் இருக்கு. சமையக்கார அம்மாகிட்ட அந்த ஊர் பாஷை லுகாண்டாவுல டெக்னீசியன் பேச்சுக் குடுக்க, மத்ததெல்லாம் பக்கத்து கிராமத்துப் பிள்ளைக, விசிட்டர் வர்ற அன்னிக்கு சாப்பாடு போட்டு கூட்டிட்டு வருவாங்கன்னு அந்தம்மா சாதாரணமா சொல்லுது. போட்டோவைக் காமிச்சதும் "இவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சே, மெயின் ரோட்டுல வாஷிங் பேல இருப்பான்"னுச்சு. வாஷிங் பேன்னா வண்டி கழுவற இடம்.

இருந்தான். போடா போடான்னு அங்க சொல்ற பைக் டாக்சி ஒண்ணைக் கழுவிட்டு இருந்தான், புருவத்துல அதே தழும்பு. ஆனா அது பையன் இல்லங்க, மீசை வெச்ச ஆளு. 2003ல பிறந்தவன், வயசு 20. கார்டுல 13னு போட்டப்பவே அவனுக்கு 16. 2021ல 18 ஆனதும் "இனி நீ பிள்ளை இல்ல"ன்னு ஒரு பாயும் பையும் குடுத்து வெளிய அனுப்பிட்டாங்க, ஒரு தொழில் கூட கத்துக் குடுக்கல. அதுக்கப்புறமும் அவன் பேர்ல எங்களுக்கு எட்டு லெட்டர் வந்திருக்கு.

நல்லா இங்கிலீஷ் பேசறான். போன்ல இருந்த லெட்டரைக் குடுத்தேன். ஈரக் கையை பேண்ட்ல தொடச்சுட்டு வாங்கினான். "பாஸ்டரா, நானா? நான் மெக்கானிக் ஆகணும்னுல்ல சொன்னேன்"னு சிரிச்சுட்டே படிச்சுட்டு வந்தவன், அப்பா அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்கங்கற இடத்துல நின்னுட்டான். திரும்ப மேல போய் அந்த வரியை மட்டும் படிச்சான். "அப்பா இல்ல, அது சரி. எங்கம்மாவை யாரு சாகடிச்சது?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அவங்கம்மா அங்கிருந்து அரைமணி நேர பைக் தூரத்துல மக்காச்சோளம் சுட்டு வித்துட்டு இருக்காங்க. ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியல, ஹோம்ல விட்டா படிக்க வெப்பாங்கன்னு பாஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னதால விட்டிருக்காங்க. நாங்க அனுப்பின 2,000 ரூபா அந்த ஊர்க் காசுல சுமாரா 90,000 ஷில்லிங். அது மாசாமாசம் அந்தம்மா கைக்குப் போயிருந்தா அவன் வீட்டை விட்டே வந்திருக்க மாட்டான்.

சட்டையைக் குடுத்தேன். தோள்ல ஏறவே இல்ல. தம்பிக்கு வெச்சுக்கறேன்னு மடிச்சு வெச்சுக்கிட்டான். வாட்சைக் கட்டிக்கிட்டான்.

மேடையில சொன்ன அந்த 14 கோடி பொய் இல்லைங்க, அதான் இதுல பெரிய தந்திரம். அது யூனிசெஃப் 2015க்கு போட்ட கணக்கு. ஆனா அவங்க அப்பா அம்மால ஒருத்தர் இல்லைன்னாலும் அனாதைக் கணக்குல சேர்த்துருவாங்க, ரெண்டு பேரும் இல்லாதது அதுல சுமார் 1.5 கோடிதான். மிச்சப் பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க, அங்க ஜாஜான்னு சொல்ற பாட்டியும் இருக்கும். உலகம் பூரா இந்த மாதிரி ஹோம்கள்ல இருக்கற பிள்ளைகள்ல 80 சதவீதத்துக்கு மேல பெத்தவங்க ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு பிள்ளைகள் நலனுக்காக வேலை செய்யற லுமோஸ் அமைப்பு சொல்லுது. 2018ல ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டு வந்தப்ப, ஹோமை நிரப்ப பிள்ளைகளைப் பிடிச்சுட்டு வர்றதும் கடத்தல்தான்னு அவங்க பார்லிமெண்ட்லயே பேசியிருக்காங்க.

ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி மாவட்ட ப்ரொபேஷன் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் நலன் அங்க அவங்க கையிலதான். அவர் சொன்னதுதான் உங்களுக்கு முக்கியம். உகாண்டாவுல ஹோம் நடத்தணும்னா பாலினம், தொழிலாளர், சமூக வளர்ச்சி அமைச்சகம் குடுத்த அங்கீகாரச் சான்று வேணும், தொண்டு நிறுவனமா இயங்க என்ஜிஓ பெர்மிட்டும் வேணும். அதை விட முக்கியம், ஒரு பிள்ளையை ஹோம்ல வெக்கணும்னா குடும்ப, குழந்தைகள் கோர்ட்டோட கேர் ஆர்டர், அதாவது பிள்ளையை அங்க பராமரிப்புல விடலாம்னு உத்தரவு, இருக்கணும். பாஸ்டர் போய் கூட்டிட்டு வந்தா அது ஆர்டர் ஆகாது. அதனால உங்ககிட்ட கார்டு நீட்டறவங்ககிட்ட ஹோமோட சான்றைக் கேளுங்க, பிள்ளைக்கு கேர் ஆர்டர் இருக்கான்னு கேளுங்க, 18 ஆனா என்ன பண்ணுவீங்கன்னு கண்டிப்பா கேளுங்க. என் அனுபவத்துல அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முழிப்பாங்க. அந்த நாட்டுக்குள்ள இருந்து பிள்ளைகள் விஷயமா புகார் சொல்ல 116ன்னு ஹெல்ப்லைன் இருக்கு. தனி ஆள் ஜிபேக்கு காசு போடவே போடாதீங்க.

காசு போனதோட நான் தப்பிச்சேன்னுதான் சொல்லணும். அந்த ரோடு போய்ச் சேர்ற ஜிஞ்சாவுல டாக்டருக்குப் படிக்காத ஒரு அமெரிக்க மிஷனரி பெண் நடத்தின சத்துணவு மையத்துல நூத்துக்கு மேல பிள்ளைக செத்து, 2019ல ரெண்டு அம்மாக்கள் கேஸ் போட்டு, 2020ல தப்பை ஒத்துக்காமலே பணம் குடுத்து முடிச்சாங்க. ஒர்க்ஷாப்ல இதை அவங்க நமக்கு கரண்ட் போன கதை மாதிரி சொல்றாங்க. அங்க நல்லா பண்றவங்களும் இருக்காங்க. டெக்னீசியனோட சபையிலயே விதவைகளுக்கு ஆடு வாங்கிக் குடுத்து, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸை நேரா ஸ்கூல்லயே கட்டறாங்க, பிள்ளைக வீட்டுலதான் தூங்குதுக. போட்டோ கார்டு எதுவும் கிடையாது.

கோயம்புத்தூர் வந்ததும் அந்த பிரதருக்கு போன் போட்டேன். பொறுமையா எல்லாம் கேட்டுட்டு, "பிரதர், நீங்க மனுஷனுக்கா குடுத்தீங்க? கர்த்தருக்குத்தான குடுத்தீங்க, கணக்கை அவர் பார்த்துக்குவார்"னார். "அப்ப 2011ல போட்ட போருக்கு எங்ககிட்ட 2020ல ஏன் வாங்கினீங்க"ன்னேன். ஊழியக்காரனை நியாயந்தீர்க்காதீங்கன்னு கட் பண்ணிட்டார், அன்னிக்கே பிளாக். போலீஸ் ஸ்டேஷன்ல "நீங்களா விருப்பப்பட்டு குடுத்ததுதானங்க"ன்னு மனுவை வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். எங்க சபைல நாலு குடும்பம் நிறுத்திட்டாங்க, மூணு குடும்பம் இன்னும் அனுப்பறாங்க, என்கிட்ட பேசறதில்ல.

போன வாரம் மதுரைல இருந்து என் சம்சாரத்தோட பெரியம்மா ஒரு ஃபார்வர்ட் அனுப்பிச்சாங்க, "பாரம் உள்ளவங்க தாங்குங்க"ன்னு. ஊதா ஸ்வெட்டர், இடது புருவத்துல தழும்பு. பேர் வேற, நாடு இப்ப கென்யான்னு போட்டிருக்கு, வயசு 14. அவன் இப்ப முகோனோ பக்கம் ஒரு பைக் மெக்கானிக்கிட்ட வேலை கத்துட்டு இருக்கான், நேத்துதான் பேசினேன். அந்தப் போட்டோ உங்க குரூப்புக்கு வந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எந்த நம்பர்ல இருந்து வந்துச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட.