ஒரு கேசட்டில் இரண்டு படம்: டிஸ்காக்ஸா, மியூசிக்பிரைன்ஸா?

வேலூர்ப் பக்கம் பழைய வீட்டுப் பரணைக் கிளறினால், ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வந்த கேசட் ஒன்றாவது சிக்கும். இரண்டுக்கும் இசையமைப்பாளர் வேறு என்றால், வெளிவந்த இசைத்தட்டு, கேசட், ஆல்பங்களைப் பயனர்களே பட்டியலிடும் டிஸ்காக்ஸ், மியூசிக்பிரைன்ஸ் இணையதளங்களில் யார் பெயரில் பதிவது?

இரண்டு தளத்திலும் சாய்கோடு (/) போட்டு இரண்டு பெயரையும் சேர்த்துவிடலாம். அதுவரை தகராறில்லை.

டிஸ்காக்ஸுக்குக் கையிலிருக்கும் பொருள்தான் முக்கியம். உறையின் முதுகில் அச்சான கேட்டலாக் எண் (வெளியீட்டுக்கு நிறுவனம் தரும் எண்), ஏ1, பி1 எனப் பாட்டு வரிசை, உறையில் உள்ள நிறுவனப் பெயர் எல்லாம் அப்படியே ஏற வேண்டும். உறை மங்கியிருந்தால் லென்ஸ் பிடித்துத்தான் படிக்கணும். பழைய கேசட்டுக்கு எனக்கு இந்தக் கறார்தான் பிடிக்கும்.

மியூசிக்பிரைன்ஸ் பாட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒலிப்பதிவு எல்பி, கேசட், டிஜிட்டல் என மூன்றிலும் வந்திருந்தால், மூன்று வெளியீடும் அந்த ஒரே பதிவோடு இணையும். கேசட்டில் ஒட்டிக்கிடந்த இரண்டு படமும் டிஜிட்டலில் தனித்தனி ஆல்பமாகப் பிரிந்துவிடும். அப்போது இந்த இணைப்பு ரொம்ப உதவும்.

டிஜிட்டலில் டிஸ்காக்ஸ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தரவிறக்கிய எம்பி3, ஃபிளாக் கோப்பு என்றால் சரி, ஸ்ட்ரீமிங்கில் மட்டும் இருப்பதை ஏற்காது. மியூசிக்பிரைன்ஸ் ஏற்கும், பார்கோடு வேறானால் தனி வெளியீடு.

ஆகவே கேசட்டுக்கு முன்னது, டிஜிட்டலுக்குப் பின்னது. அப்புறம், ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டா? அதை இரண்டுமே சேர்க்காது.