சத்தம் வருது, டிரைவர் ஏறலை

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பழக்கமான கடையில் எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸை புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். கூடவே கொண்டுபோயிருந்த ஆடியோ இன்டர்ஃபேஸையும் (மைக், ஹெட்போனை லேப்டாப்போடு இணைக்கும் டப்பா) கடைப் பையன் சொருகி, ஒரு பாட்டை ஓடவிட்டு, "அண்ணா, எல்லாம் பக்காவா வேலை செய்யுது" என்றான். சத்தம் வந்தது உண்மை. வீட்டுக்கு வந்து கீபோர்டில் கை வைத்த பிறகுதான் கதையே.

என் பிழைப்பு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. சேலம் அம்மாப்பேட்டையில் வீடு. நிகழ்ச்சிக்கான டிராக் எல்லாம் இங்கேதான் தயாராகும். கட்டையை அமுக்கினால் லேப்டாப்புக்குள் இருக்கும் வீணையோ டோலக்கோ ஒலித்து, இந்த டப்பா வழியாக ஹெட்போனுக்கு வரும். அமுக்குவதற்கும் கேட்பதற்கும் இடையில் இடைவெளி தெரியக்கூடாது. அன்றைக்குத் தெரிந்தது. டோலக்கில் ஒரு தட்டு தட்டினால், கை எடுத்த பிறகு 'தும்' என்கிறது. மைக்கில் பேசினால் குரல் இடது காதில் மட்டும்.

டப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தறிப் பஞ்சு அதன் மேல் படியாத நாள் இல்லை. குமிழ் இன்னும் கரகரப்பில்லாமல் சுழல்கிறது. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஒழுங்காகக் கொடுக்கிறது, ஜாக் எதுவும் தளரவில்லை. இந்த விலைக்கு இது அதிகம் என்றே சொல்வேன். என் எரிச்சல் எல்லாம் அதன் டிரைவர் மேல்தான், அதாவது டப்பாவை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள் மேல். அதைவிட, டிரைவர் ஏறாமலே ஏறிய மாதிரி நடிக்கும் விண்டோஸ் மேல்.

2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, யூஎஸ்பி ஆடியோ 2.0 கருவிகளுக்கான பொது டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வகை டப்பாவைச் சொருகினால் அது ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். யூடியூப் பார்க்கிறவருக்கு அது வரம். எங்களுக்கு வேண்டியது ஆசியோ. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தொண்ணூறுகளில் கொண்டுவந்த வழி அது. விண்டோஸின் மிக்ஸரைத் தாண்டி, மென்பொருளும் டப்பாவும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அது பொதுவாக டப்பா செய்த நிறுவனத்தின் டிரைவரோடுதான் வரும். நான் டிராக் செய்யும் மென்பொருளான ரீப்பரின் ஆடியோ அமைப்பைத் திறந்தேன். ஆசியோ பட்டியலில் என் டப்பாவின் பெயரே இல்லை. பக்காவாம்!

டிரைவரை ஒழுங்காக ஏற்றும் வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் டப்பாவைக் கழற்ற வேண்டும். டிவைஸ் மேனேஜரில் 'மறைந்த கருவிகளையும் காட்டு' என்று கொடுத்தால், பழைய பதிவுகள் மங்கலாகத் தெரியும். அந்த டப்பாவின் பெயரில் இருப்பதை மட்டும் பார்த்து நீக்க வேண்டும். டிரைவரையும் அழிக்கவா என்று கட்டம் காட்டினால் அதிலும் டிக். அப்புறம் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து ஆன் பண்ணினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுனில் விண்டோஸின் உள்பகுதி முழுசாக அணையாது, டிஸ்கில் பத்திரப்படுத்தி வைத்து அப்படியே திரும்ப எழும். ரீஸ்டார்ட்தான் உண்மையான குளியல்.

அடுத்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து நம் மாடலுக்கான டிரைவர். அதே பெயரில் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று இருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தே இறக்க வேண்டும். டப்பாவைச் சொருகாமல் நிறுவி, அது கேட்கும்போது மட்டும் சொருக வேண்டும். ஹப்பில் வேண்டாம், நேராக லேப்டாப்பில். இவ்வளவும் முடிந்ததும் ரீப்பரில் பெயர் வந்தது, இன்புட் ஒன்றும் இரண்டும் தனித்தனியாக வந்தன. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து அனுப்புவது என்ற அளவை, 128 சாம்பிள் வைத்தேன். கணக்குக்கு 2.7 மில்லிசெகண்டுதான், போகவர மற்ற தாமதங்களைச் சேர்த்தாலும் விரலுக்குத் தெரியாது. 1024 என்றால் பஃபர் மட்டுமே 21 மில்லிசெகண்டு, டோலக் அங்கேயே தடுமாறும்.

ஆசியோ4ஆல் என்ற பொது ஆசியோ மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். லேப்டாப்பின் சொந்தச் சிப்புக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்தும் போர்வைதான். நிறுவன டிரைவர் கிடைக்கும் டப்பாவுக்கு எதற்கு?

இதெல்லாம் ஒரு நாள் வேலை என்றால் மன்னிக்கலாம். தினசரி எரிச்சல் ஒன்று உண்டு. தனக்கென்று யூஎஸ்பி சீரியல் நம்பர் சொல்லாத கருவியை வேறு போர்ட்டில் சொருகினால், விண்டோஸ் அதைப் புது ஆளாக நினைத்துப் பெயருக்கு முன்னால் '2-' போட்டுவிடும். என் டப்பா அந்த ரகம். நான் செய்து வைத்த ஒலி அமைப்புகள் போய்விடும். அதனால் லேப்டாப்பின் இடப்பக்கம், சரியான போர்ட்டுக்கு மேலே, வீட்டுக்காரம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். பாதி உதிர்ந்துவிட்டது, ஆனாலும் கை அங்கேதான் போகிறது.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இதே டப்பாவை ஓடிஜி கேபிளில் ஆண்ட்ராய்டு போனில் மாட்டினால் எந்த டிரைவரும் கேட்காமல் பதிவாகிறது. நண்பரின் லினக்ஸ் கணினியிலும் அப்படித்தான். நான்தான் விண்டோஸில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், இசைக்கருவி மென்பொருள் எல்லாம் இங்கே காசு கொடுத்து வாங்கியாயிற்று.

இதே மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறது. ஏற்காட்டில் கிடார் வாசிக்கும் தம்பி ஒருவன், "வாங்கலாமாண்ணா?" என்று கேட்டான். பாடி மட்டும் பதிவு செய்வதென்றால் யோசிக்கவே வேண்டாம், டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும், டிரைவர் தாமதம் தெரியாது. அவன் கணினிக்குள் கிடார் ஆம்ப் மென்பொருள் வைத்து, அதன் வழியாக வரும் சத்தத்தைக் கேட்டு வாசிக்கிறவன், அந்தச் சலுகை அவனுக்கில்லை. மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனால் பாட்டரியில் ஓட்டுவான். அப்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் ஒரு பக்கம் வேகத்தைக் குறைக்கும், இன்னொரு பக்கம் யூஎஸ்பியைத் தூங்க வைக்கப் பார்க்கும், நடுவில் பட்பட்டென்று சத்தம் வெடிக்கும். பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிடச் சொன்னேன்.

வாங்காதே என்றும் சொன்னேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்டால், அன்றைக்கு என் மனநிலை அது. என் டப்பாவை விற்பாயா என்றால் மாட்டேன்.

நிறுவனத்தின் மென்பொருள் இப்போது மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டி, புது டிரைவர் வந்திருக்கிறது என்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிகிறவரை அதைத் தொடுவதாக இல்லை.