போனில் உளவு: ஸ்கேன் செய்வதா, கையால் தேடுவதா, மொத்தமாக அழிப்பதா?

என் தோழி ஒருத்தி தன் போனை இரண்டு முறை ஃபேக்டரி ரீசெட் செய்தாள். அப்படியும் அவள் எங்கே போகிறாள், யாருக்கு மெயில் எழுதுகிறாள் என்பதெல்லாம் பிரிந்துபோன கணவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் போனில் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் விட்டுவந்த பழைய டேப்லெட்டில் அவளுடைய கூகுள் கணக்கு லாக்-அவுட் ஆகாமல் கிடந்தது. ரீசெட் செய்துவிட்டு மறுபடி அதே கணக்கில் உள்ளே போனதும் எல்லாம் பழையபடி அங்கேயும் போய்ச் சேர்ந்தது. கணக்கைச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் இரண்டு வருடப் படங்களை இழந்திருந்தாள்.

அதனால்தான் எந்தக் கருவி நல்லது, எந்த வழி சிறந்தது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் உளவு எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். பொதுவாக மூன்று வாசல்கள். போனைச் சில நிமிடம் கையில் எடுத்த, பின் நம்பர் தெரிந்த ஒருவர் நிறுவிய உளவுச் செயலி ஒன்று. போனைத் தொடாமல் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்குக்குள் நுழைவது இன்னொன்று. அரசுகளுக்கு விற்கப்படும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் போல, மென்பொருள் ஓட்டை வழியே தொலைவிலிருந்து இறக்கப்படுவது மூன்றாவது. ஒரு வாசலுக்கான மருந்து அடுத்த வாசலுக்கு உதவாது.

ஸ்கேனரா, கையால் தேடலா?

பெரும்பாலோர் முதலில் ஓடுவது ஸ்கேனரிடம்தான். ஆண்ட்ராய்டில் அதில் அர்த்தம் இருக்கிறது. உளவுச் செயலிகள் ஐகானை மறைத்துக்கொண்டு, ‘சிஸ்டம் சர்வீஸ்’ என்பது போன்ற சாதுவான பெயரில் உட்கார்ந்திருக்கும். பட்டியலில் அதைப் பார்த்தாலும் கண் கடந்துபோய்விடும். ஸ்கேனர் பெயரைப் பார்த்து ஏமாறுவதில்லை, உள்ளே இருக்கும் கோப்பின் அடையாளத்தைப் பார்க்கிறது. ஒரு காலத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனங்களே இவற்றை வைரஸாகக் கணக்கில் எடுக்காமல் விட்டுவந்தன. 2019-இல் நிலைமை மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் இந்தச் செயலிகளை எதிர்ப்பதற்காகவே பாதுகாப்பு நிறுவனங்களும் பெண்கள் உதவி அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. இன்று பெயர்பெற்ற ஸ்கேனர்கள் பலவும் இவற்றை ஆபத்து என்று அடையாளம் காட்டுகின்றன.

ஆனால் ஸ்கேனருக்குத் தெரிந்த முகம்தான் பிடிபடும். புதிதாக மாற்றிக் கட்டப்பட்ட பதிப்பு ஒன்று நழுவிவிடலாம். ‘எதுவும் இல்லை’ என்ற பச்சை டிக்கைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் இதில் உள்ள ஆபத்து. ஐபோனில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு செயலி மற்றொரு செயலிக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது, கட்டமைப்பே அப்படி. ஆகவே ஐபோனுக்கு ‘ஸ்பைவேர் ஸ்கேனர்’ என்று விற்கப்படும் சாதாரண ஆப்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். ‘உங்கள் போனில் 7 வைரஸ்’ என்று பிரவுசரில் குதிக்கும் விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கையால் தேடுவது கொஞ்சம் மெனக்கெடும் வேலை. ஆனாலும் நான் முதல் இடம் கொடுப்பது அதற்குத்தான். காரணம் எளிது: செயலி தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், தனக்கு வேண்டிய அனுமதிகளை மறைப்பது கடினம். திரையில் வருவதைப் படிக்க அதற்கு ‘அக்சசிபிலிட்டி’ அனுமதி வேண்டும். வாட்ஸப் செய்திகளைப் பிடிக்க ‘நோட்டிஃபிகேஷன் அக்சஸ்’ வேண்டும். எளிதில் நீக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ள ‘டிவைஸ் அட்மின்’ வேண்டும். இந்த மூன்று பக்கங்களையும் செட்டிங்ஸில் தேடித் திறந்து, அங்கே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் ‘இதை நான் போட்டேனா?’ என்று கேளுங்கள். கடைக்கு வெளியிலிருந்து செயலி நிறுவ விடும் ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ பக்கத்தில் பிரவுசருக்கோ ஃபைல் மேனேஜருக்கோ நீங்கள் கொடுக்காத அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளே ப்ரொடெக்டையும் பாருங்கள். அது ஆண்ட்ராய்டோடு இலவசமாகவே வருகிற ஸ்கேனர். உளவுச் செயலியை நிறுவுகிறவர் வழக்கமாக முதலில் செய்வது அதை அணைப்பதுதான். நீங்கள் அணைக்காமலே அது அணைந்து கிடந்தால், எந்த ஸ்கேன் முடிவையும்விட அது பெரிய தடயம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: போனில் பதிவாகியிருக்கும் கைரேகைகளின் எண்ணிக்கை. உங்கள் விரல்களைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் யாரோ தன் விரலைச் சேர்த்திருக்கிறார். இதை எந்த ஸ்கேனரும் சொல்லாது.

ஐபோனில் கையால் தேட வேண்டிய இடம் குறைவு. ஜெனரலுக்குள் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் போனை வெளியிலிருந்து நிர்வகிக்க விடும், உங்களுக்குத் தெரியாத ப்ரொஃபைல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஓஎஸ் 16 முதல் ‘சேஃப்டி செக்’ என்ற வசதி இருக்கிறது. யாரோடு என்னென்ன பகிர்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டி, அங்கேயே நிறுத்தவும் விடுகிறது. இது உண்மையிலேயே யோசித்துச் செய்யப்பட்ட கருவி.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, போன் சூடாகிறது என்பதையெல்லாம் உளவின் அடையாளமாகப் பலர் சொல்கிறார்கள். சந்தேகப்பட அது போதும், முடிவு செய்யப் போதாது. பழைய பேட்டரியும் அதைத்தான் செய்யும். *#21# என்று டயல் செய்தால் உளவு தெரிந்துவிடும் என்று ஒரு செய்தி ஃபார்வர்டாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும்தான் காட்டும். உளவுச் செயலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கணினி அறிந்த நண்பர் இருந்தால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: போனுக்குள் தேடாமல், அது வெளியே யாரோடு பேசுகிறது என்று பார்ப்பது. 2020-இல் வெளிவந்த டைனிசெக் என்ற இலவசக் கருவி, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைஃபை போல நிறுத்தி, போனின் இணையப் போக்கை அலசுகிறது. போனில் எதுவும் நிறுவப்படுவதில்லை, அதனால் வேவு பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனால் எல்லோராலும் செய்துகொள்ள முடிகிற வேலை இல்லை.

நீக்குவதா, அழிப்பதா, புது போனா?

செயலி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘அன்இன்ஸ்டால்’ பட்டன் மங்கலாக இருந்தால் டிவைஸ் அட்மின் அனுமதியை முதலில் பறியுங்கள். அதற்கும் வழிவிடவில்லை என்றால் சேஃப் மோடில் போனை எழுப்புங்கள். அங்கே நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது, நிதானமாக நீக்கலாம். படங்கள், தொடர்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். குறை என்னவென்றால், கூடவே இன்னொன்றும் இருந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது.

ஃபேக்டரி ரீசெட் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஆனால் செய்கிற விதம் முக்கியம். பழைய பேக்கப்பிலிருந்து எல்லாச் செயலிகளையும் அப்படியே மீட்டால், வெளியே போட்ட குப்பையை நாமே உள்ளே அள்ளிப் போட்டதாக ஆகிவிடலாம். படங்களையும் தொடர்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, செயலிகளைக் கடையிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக இறக்குவதே நல்லது. ரீசெட்டையும் தாண்டி உயிர்பிழைப்பவை உண்டா என்றால், உண்டு. 2019-இல் பரவிய எக்ஸ்ஹெல்பர் அப்படித்தான் திரும்பத் திரும்ப வந்தது. சிஸ்டம் பகுதிக்குள்ளேயே அது வேரூன்றியிருந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 6, 7 ஓடிய பழைய போன்களின் கதை. உங்கள் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட்டே வருவதில்லை என்றால், ரீசெட்டில் நேரம் செலவிடுவதைவிட போனை மாற்றுவது மேல். அப்டேட் வருகிற போனென்றால், பயத்தில் புதுசு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ரீசெட்டுக்கு ஒரு விலை இருக்கிறது: தடயமும் சேர்ந்து அழிந்துபோகும். போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் எண்ணம் இருந்தால், அனுமதிப் பக்கங்களையும் செயலியின் விவரங்களையும் வேறொரு போனால் படம் எடுத்து வைத்த பிறகே கை வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கு

ஸ்கேன், தேடல், ரீசெட் மூன்றும் தோற்கும் இடம் இதுதான். ஐபோனைக் குறிவைத்து விற்கப்படும் பல உளவுச் சேவைகள் போனைத் தொடுவதே இல்லை. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு ஐகிளவுட் பேக்கப்பைப் படிக்கின்றன. போனைத் தலைகீழாகப் புரட்டினாலும் ஒன்றும் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்த்தால் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தருவது கணக்குச் சோதனைதான். சந்தேகத்துக்குரிய போனில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் தட்டும் புதுக் கடவுச்சொல்லையும் அது படித்துவிடலாம். நம்பகமான வேறொரு கருவியிலிருந்து முதலில் மெயில் கணக்கைத் திறந்து, எந்தெந்தக் கருவிகளில் லாக்-இன் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். தெரியாததை வெளியேற்றுங்கள். மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்புறம் வாட்ஸப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’. ஒரே கணக்கை நான்கு துணைக் கருவிகளில் வரை இணைக்கலாம். யாரோ ஒரு நாள் உங்கள் போனை எடுத்து ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்திருந்தால் போதும், எந்த உளவுச் செயலியும் தேவையில்லை. டெலிகிராமிலும் இதே போன்ற பட்டியல் உண்டு.

பெகாசஸ் வகை

இது வேறு உலகம். 2016-இல் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் ஐபோனில் பெகாசஸைப் பிடித்தபோது, ஒரு இணைப்பைத் தட்ட வைத்தே அது உள்ளே வர வேண்டியிருந்தது. 2021-இல் வெளிப்பட்ட ஃபோர்ஸ்டுஎன்ட்ரி தாக்குதலுக்குத் தட்டவே தேவையில்லை, செய்தி வந்து சேர்ந்தாலே போதும். நிருபர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள், அரசியலில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் இதன் இலக்கு. அந்த வட்டத்தில் இல்லாதவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இலக்காக வாய்ப்பு உள்ளவருக்குக் கண்டுபிடிக்க இருக்கும் முக்கியக் கருவி எம்விடி. ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் பாதுகாப்பு ஆய்வகம் 2021 ஜூலையில் வெளியிட்ட இலவசக் கருவி இது. கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்ட வேண்டும். ஐபோனின் பேக்கப்பில் தடயங்கள் அதிகம் தங்குவதால் அங்கே நன்றாக வேலை செய்கிறது, ஆண்ட்ராய்டில் கிடைப்பது குறைவு. அது ஒன்றும் இல்லை என்று சொன்னால், தெரிந்த தடயங்கள் இல்லை என்று மட்டுமே பொருள். நீங்களே ஓட்டி நீங்களே தீர்ப்பு எழுதுவதைவிட, ஆக்சஸ் நவ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு நடத்தும் டிஜிட்டல் பாதுகாப்பு உதவி மையத்திடம் காட்டுவது நல்லது. நிருபர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் அவர்கள் இலவசமாக உதவுகிறார்கள்.

ஆனால் இந்த வகையில் கண்டுபிடிப்பதைவிடத் தடுப்பதே கைகொடுக்கும். ஐஓஎஸ் 16-இல் வந்த லாக்டவுன் மோட், செய்திகளில் வரும் பெரும்பாலான இணைப்புக் கோப்புகளையும் இன்னும் பல வசதிகளையும் முடக்கிவிடுகிறது. அன்றாடப் பயன்பாட்டில் கொஞ்சம் இடைஞ்சல் இருக்கும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு 16-இல் ‘அட்வான்ஸ்டு ப்ரொடெக்‌ஷன்’ அதே நோக்கில் வந்திருக்கிறது. போனை அடிக்கடி ரீஸ்டார்ட் செய்வதும் உதவும். இந்த வகை உளவுகள் பல நினைவகத்தில் மட்டுமே வாழ்பவை, அணைத்துப் போட்டால் போய்விடும். ஓட்டை அடைபடாவிட்டால் திரும்ப வரும் என்பதால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போதே நீக்கலாமா?

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். உளவுச் செயலியைப் போட்டவர் ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், நீக்கிய அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய திரையில் உங்கள் தகவல்கள் வருவது சட்டென்று நின்றுபோகும். கை ஓங்குகிறவராக இருந்தால் அந்த நாள் ஆபத்தான நாள்.

விட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு. உங்கள் தகவல் அவரிடம் மட்டும் போவதில்லை, அந்தச் செயலி நிறுவனத்தின் சர்வரிலும் குவிகிறது. 2023 ஜூனில் லெட்மீஸ்பை என்ற உளவுச் செயலி ஹேக் செய்யப்பட்டு, வேவு பார்க்கப்பட்டவர்களின் செய்திகளும் இருப்பிடங்களும் திருடப்பட்டன. ஆனாலும் வன்முறை பயம் இருக்கும் வீட்டில், பாதுகாப்பாக வெளியேறும் ஏற்பாடு ஆகும் வரை விட்டுவைப்பதையே நான் சொல்வேன். அதுவரை அந்தப் போனை வழக்கம்போலவே பயன்படுத்துங்கள், இந்த விஷயத்தை மட்டும் அதில் தேடவோ பேசவோ வேண்டாம். பெண்கள் உதவி மையத்தையோ வக்கீலையோ அழைக்க நம்பகமானவரின் போனை வாங்கிக்கொள்ளுங்கள், அழைக்கும்போது உங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும். தனியாக ஒரு போன் வாங்க முடிந்தால், அதில் பழைய மெயில் கணக்கைப் போடாமல் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பின் நம்பரும் அவர் ஊகிக்கக்கூடிய பிறந்தநாளாக இருக்க வேண்டாம்.