ஏற்றத்துக்கு வாங்கினேன், இறக்கத்தில் உழைக்கிறது

மதுரையில் இருந்துகொண்டு எதற்கு நான்கு சக்கர இயக்கம் உள்ள டபுள் கேப் பிக்கப் (முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி) என்று கேட்காத உறவினர் இல்லை. சுற்றிலும் பார்த்தால் கேள்வி அடங்கிவிடும். வடக்கே சிறுமலை, நத்தம் பக்கம் கரந்தமலை, எழுமலையைத் தாண்டினால் மல்லப்புரம் – மயிலாடும்பாறை மலைச்சாலை, பெரியகுளம் போனால் சோத்துப்பாறைக்கு மேலே அகமலை, சின்னமனூரில் இருந்து மேகமலை. விடியும் முன் கிளம்பினால் காலைப் பலகாரத்தை ஏதாவது ஓர் அடிவாரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

டீசல் எஞ்சின், கையால் மாற்றும் கியர். ஓடிய தூரம் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை விட்டுவிடுகிறேன். கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த உருவத்துக்கே உரியவை.

இந்த வகை வண்டியை வாங்கும்போது எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். விளம்பரப் படத்திலும் வண்டி எப்போதும் மேல்நோக்கித்தான் போகும். மேகமலையில் ஹைவேவிஸ் என்ற தேயிலைத் தோட்ட ஊரைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு, மகராஜமெட்டு என்று போகும் எஸ்டேட் பாதையில், ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் வழக்கமான வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டுக்கொண்டு நான் பெருமையோடு ஏறிக்கொண்டிருந்தபோது எதிரே அரசு பஸ் வந்தது. பின்சக்கரம் மட்டுமே இழுக்கிற பஸ். உள்ளே தேயிலைத் தோட்டத்து ஆட்கள், கூரையில் மூட்டைகள். ஒதுங்கி வழிவிடச் சொல்லி ஓட்டுநர் கையைக் காட்டினார், அவ்வளவுதான். அதன் பிறகு ஏற்றத்தில் என் வண்டியின் திறமையைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை.

காசுக்கு வேலை நடப்பது இறங்கும்போது. அகமலையில் இருந்து திரும்பும் வழியில் கல் பெயர்ந்து கிடக்கிற சரிவுகளில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, குமிழை ஃபோர் லோவுக்கு, அதாவது நான்கு சக்கரமும் வேகம் குறைந்து வலு கூடி இயங்கும் நிலைக்கு, திருப்பினால் தரைக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். முன்னால் உள்ள பச்சை விளக்கு சில நொடி மினுக்கிவிட்டு நிலைக்கும். முதல் கியரைப் போட்டுவிட்டு இரண்டு கால்களையும் பெடல்களில் இருந்து எடுத்துவிடலாம். ஆள் நடக்கிற வேகத்தில், தாழ்ந்த உறுமலோடு, வண்டி ஒவ்வொரு கல்லாகத் தானே இறங்கும். கியர் பெட்டியோடு டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) வேகக் குறைப்பும் சேர்வதால் எஞ்சினே சக்கரங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பிடி முன்னும் பின்னும் பகிர்ந்து போவதால், பின்சக்கரம் சரளையில் சறுக்கினாலும் முன்சக்கரம் நிறுத்திக்கொள்கிறது. இதையே பிரேக்கை மிதித்தபடி செய்தால் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சாகிவிடும், பிரேக் பிடிக்காது. அகமலை ஜீப் ஓட்டுநர் ஒருவர் சொன்னார்: “அண்ணே, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை அடிவாரம் வரைக்கும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.” பள்ளிப் படிப்பை விட்டதுமே ஜீப் ஓட்ட வந்தவராம். வண்டி கையேட்டில் இதே விஷயத்தைப் பத்துப் பக்கத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்.

இனி குறைகள். முதலில் நீளம். வண்டி ஐந்து மீட்டருக்கு மேல். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியே மூன்று மீட்டரைத் தாண்டுகிறது. பெருமாள்மலையில் இருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் சாலையில், சின்ன கார்கள் ஒரே வீச்சில் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நான் பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் ஹாரன். மேடு தட்டினால் நடு வயிறு உரசுவதும் இந்த நீளத்தால்தான். குட்டை ஜீப்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் இடம் இது ஒன்றுதான்.

அடுத்தது பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங், லாரியில் இருப்பதுபோன்ற அடுக்குப் பட்டை வில். பாரம் சுமக்கச் செய்தது. காலியாகப் போனால் பின்சீட்டில் இருப்பவர்களின் முதுகு சொல்லும். என் மனைவி முன்சீட்டைத் தவிர வேறெதிலும் உட்கார மறுக்கிறார், நியாயம்தான். பின்னால் இருநூறு கிலோ ஏற்றிவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். சிறுமலையில் வாழைத்தார் வாங்கி வரும் நாட்களில் சொகுசு காரைப் போல வருகிறது என்று சொல்வது கொஞ்சம் மிகை, ஆனால் கொஞ்சம்தான்.

டயருக்குச் செலவு செய்யுங்கள், மற்ற அலங்காரங்களை மறந்துவிடுங்கள். தார்ச்சாலைக்கும் கற்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போட்டபின் நான்குவழிச் சாலையில் இரைச்சல் கூடியது, மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தது; இப்போது சமவெளியில் 12, மலையில் 8. கற்பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றழுத்தத்தை 34 psi-யில் இருந்து 25 வரை இறக்கிவிடுவேன். டயர் கல்லைக் கவ்விக்கொள்ளும், குலுக்கலும் பாதியாகும். தார்ச்சாலைக்கு வந்ததும் சிறிய கம்ப்ரசரால் நிரப்பிவிட வேண்டும்; காற்றுக் குறைந்த டயரோடு வேகமாக ஓட்டுவது ஆபத்து. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் திருப்பாதீர்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல வேண்டியிருக்க, அந்த வேக வேறுபாட்டுக்கு இடம்கொடுக்கும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாத இந்த வண்டிகளில் முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின் தலையில்தான் விழும்.

முன்பம்பரில் இரும்புக் கம்பி மாட்டச் சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவு போட்டுவிட்டது. காற்றுப்பை சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றுவதில்தான் பலன்.

காட்டுக்குள் பாதையை விட்டு விலகிப் போகலாம் என்ற ஆசையில் வாங்குபவர்களுக்கு இந்த வட்டாரம் சரிப்படாது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாகிவிட்டது. மேகமலை அடிவாரத்துத் தென்பழனி சோதனைச் சாவடியைக் கடந்தால் சாலையும் எஸ்டேட் பாதையும்தான் நமக்கு, அதுவும் பகலில் மட்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர்களும் வேறு வண்டி பார்க்கலாம். மாசி வீதிகளில் இதை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் அழகர்கோவிலுக்கே போய்விடலாம்.

முன்சக்கர பேரிங்கில் இப்போது லேசான முனகல் கேட்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டறையில் விட்டு, பின்ஸ்பிரிங் புஷ்களையும் (ஸ்பிரிங் மாட்டும் இடத்து ரப்பர் வளையங்கள்) சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.